சோதனையைக் குறைத்தால் மருந்து வந்துவிடாது

மருந்து நிறுவனங்கள் நிறைந்த பெங்களூரில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "நம் நாட்டில் விதிகள் அதிகம், சோதனைகள் நீளம். இரண்டையும் கொஞ்சம் தளர்த்தினால் புது மருந்துகள் மளமளவென்று வரும்." தொழிலதிபர் இதைச் சொல்கிறார். தொலைக்காட்சி விவாதத்தில் சொல்கிறார்கள். மருத்துவமனை வராந்தாவில் நிற்கும் நோயாளியின் மகனும் சொல்கிறார். மகனின் கோபம் எனக்குப் புரிகிறது. அப்பா மூச்சுக்குத் திணறும்போது "காத்திரு" என்ற சொல்லை யாரால் தாங்க முடியும்? ஆனாலும் அந்த நம்பிக்கை தவறு. அதற்கு என்ன விலை என்பதைக் கோவிட் காலத்தில் பார்த்துவிட்டோம்.

2020 ஜூலையை நினைத்துப் பாருங்கள். பெங்களூரின் பயோகான் நிறுவனம் சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்காக 2013 முதல் விற்றுவந்த மருந்து இடோலிசுமாப். அதைத் தீவிர கோவிட் நோயாளிகளுக்கு அவசரத் தேவைக்குக் கொடுக்கலாம் என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி அனுமதித்தார். ஆதாரமாக இருந்த சோதனையில் மொத்தம் 30 பேர். 20 பேருக்கு மருந்தும் வழக்கமான சிகிச்சையும், 10 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மருந்து பெற்றவர்களில் யாரும் இறக்கவில்லை. மற்ற 10 பேரில் 3 பேர் இறந்தார்கள். கேட்க நம்பிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் 10 பேர் கொண்ட குழுவில் இரண்டு பேர் சற்று முதியவர்களாகவோ, முற்றிய சர்க்கரை நோய் உள்ளவர்களாகவோ அமைந்துவிட்டாலே கணக்கு தலைகீழாகிவிடும். இந்த ஐயத்தைத் தீர்ப்பதற்காகத்தான் மூன்றாம் கட்டச் சோதனை என்று ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் விலக்குக் கொடுத்தார்கள்.

ஒரு குப்பி ஏறக்குறைய 8,000 ரூபாய். நான்கு குப்பிகள் கொண்ட சிகிச்சைக்கு 32,000. அதே மாதத்தில் மத்திய அரசின் கோவிட் பணிக்குழு, ஆதாரம் போதாது என்று சொல்லித் தேசிய சிகிச்சை வழிகாட்டியில் அந்த மருந்தைச் சேர்க்க மறுத்தது. அரசின் ஒரு கை விற்கலாம் என்றது, மறு கை பரிந்துரைக்க மாட்டேன் என்றது. நகையை அடகு வைப்பதா வேண்டாமா என்பதை இரண்டுக்கும் நடுவே நின்ற குடும்பம் முடிவு செய்ய வேண்டியிருந்தது. மருந்து உயிர் காத்ததா? காத்திருக்கலாம், ஒன்றும் செய்யாமலும் இருந்திருக்கலாம். 30 பேரை வைத்துக்கொண்டு எந்தப் பக்கமும் சொல்ல முடியாது. அனுமதி சீக்கிரம் வந்தது, பதில் வரவில்லை.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு பிரிட்டனில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2020 மார்ச்சில் 'ரிகவரி' என்ற சோதனையைத் தொடங்கியது. அரசு மருத்துவமனைகளில் சேரும் கோவிட் நோயாளிகளிடம் சம்மதம் கேட்டு, யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் கணினிக் குலுக்கலுக்கு விட்டார்கள். வேலை நெருக்கடியில் இருக்கும் மருத்துவர் சில நிமிடங்களில் நிரப்பக்கூடிய அளவுக்குத்தான் படிவம். ஒரே சோதனையில் பல மருந்துகள் ஒரே நேரத்தில் போட்டியிட்டன. தேறாததை வெளியே அனுப்பிவிட்டு அடுத்ததை உள்ளே கொண்டுவந்தார்கள். உலகமே நம்பிய ஹைட்ராக்சிகுளோரோகுயின் பயன் தரவில்லை என்று ஜூன் தொடக்கத்தில் தெரிந்தது. ஜூன் 16 அன்று டெக்ஸாமெத்தசோன் முடிவு வெளியானது. மருந்து பெற்றவர்கள் 2,104 பேர், பெறாதவர்கள் 4,321 பேர். வென்டிலேட்டரில் இருந்தவர்களிடையே மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களிடையே ஐந்தில் ஒரு பங்கு. நம் தெருமுனை மருந்துக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பழைய ஸ்டீராய்டு அது. சோதனை தொடங்கி இந்தப் பதில் கிடைக்க சுமார் 100 நாள்கள் ஆயின. யாரும் சோதனையைக் குறைக்கவில்லை, பெரிதாக்கினார்கள்.

"அது பிரிட்டன், இங்கே நடக்குமா?" என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. இங்கேயே நடந்தது. கோவிட்டிலிருந்து மீண்டவர்களின் பிளாஸ்மாவைக் கொடுத்தால் நோயாளி பிழைப்பாரா என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) ஆராய்ந்தது. 39 மருத்துவமனைகள், 464 நோயாளிகள். 2020 ஏப்ரல் 22 முதல் ஜூலை 14 வரை, ஊரடங்குக்கு நடுவே, மூன்று மாதத்துக்குள் ஆள்களைச் சேர்த்து முடித்தார்கள். பிளாஸ்மா பெற்றவர்களில் 19 சதவீதம் பேருக்கு நோய் முற்றியது அல்லது மரணம் நேர்ந்தது. பெறாதவர்களில் அது 18 சதவீதம். அதாவது, பயன் இல்லை. அக்டோபரில் அந்த முடிவு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அச்சானது.

பிறகு என்ன செய்தோம்? டெல்லியிலும் சென்னையிலும் அரசே பிளாஸ்மா வங்கி திறந்திருந்தது. 2021 ஏப்ரலில் இரண்டாம் அலை வந்தபோது, இரவெல்லாம் பிளாஸ்மா கேட்டு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினோம். தெரியாத ஊரில், தெரியாத எண்ணுக்கு அழைத்துக் கெஞ்சினோம். தேசிய வழிகாட்டியிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது 2021 மே மாதம்தான். இந்திய மருத்துவர்கள், இந்திய நோயாளிகளின் சம்மதத்தோடு, சில மாதங்களில் கண்டுபிடித்த உண்மை வழிகாட்டியில் ஏறுவதற்கு, அச்சான பின்னும் அரை ஆண்டுக்கு மேல் ஆனது. இதில் தாமதம் செய்தது சோதனையா? "எதையாவது கொடுத்துப் பார்க்கலாமே" என்ற மனநிலைதான் தாமதம் செய்தது.

கொடுத்துப் பார்ப்பதும் ஒரு சோதனைதான். குறிப்பேடு இல்லாத, ஒப்பிட ஆள் இல்லாத, யாருக்கும் பொறுப்பில்லாத சோதனை. முறையான சோதனையில் சேர்ந்தவருக்குப் பொதுவாக மருந்து இலவசம். பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் கொடுக்கச் சட்டம் இருக்கிறது, நெறிமுறைக் குழு கண்காணிக்கிறது. வெளியே நிற்பவரோ காசும் கொடுத்து ஆபத்தையும் ஏற்கிறார். "எங்களைச் சோதனை எலி ஆக்குகிறார்கள்" என்ற அச்சத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஏழைகளிடம் முறையான சம்மதம் பெறாமல் இந்த நாட்டில் சோதனைகள் நடந்திருக்கின்றன. உச்ச நீதிமன்றம் 2013-இல் தலையிட வேண்டியிருந்தது. அந்தக் காயத்துக்கு மருந்து கடுமையான, நேர்மையான சோதனை. சோதனையே இல்லாமல் விற்பது அதே ஏழையை இன்னொரு வழியாக ஏமாற்றுவது.

விதிகள்தான் தடை என்பதும் இப்போது எடுபடாது. 2019-இல் வந்த விதிகளின்படி, இந்தியாவில் கண்டுபிடித்த மருந்தின் சோதனை விண்ணப்பத்துக்கு 30 வேலை நாள்களுக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ளலாம். அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான் போன்ற நாடுகள் ஏற்ற சில வகை மருந்துகளுக்கு உள்நாட்டுச் சோதனை தேவையில்லை என்று 2024-இல் அறிவித்தார்கள். அலுவலகங்களில் கோப்பு தூங்குவது உண்மைதான், அதை எழுப்பத்தான் வேண்டும். ஆனால் கோப்பின் தூக்கத்துக்கு நோயாளியின் பாதுகாப்பை ஏன் பலி கொடுக்க வேண்டும்?

உண்மையில் மருந்து எங்கே நின்றுபோகிறது என்பதற்குப் பெங்களூரிலேயே சாட்சி இருக்கிறது. காசநோய்க்கும் மலேரியாவுக்கும் மருந்து தேடிய ஆராய்ச்சி மையத்தை அஸ்ட்ராசெனெகா இங்கே நடத்திவந்தது. 2014-இல் மூடப்போவதாக அறிவித்தது. எந்த விதியும் அதை மூடச் சொல்லவில்லை. அந்த நோய்களில் நிறுவனம் முதலீட்டைத் தொடர விரும்பவில்லை. ஏழைகளின் நோயில் லாபம் இல்லை. அங்கே வேலை செய்த விஞ்ஞானிகள் சிலர் அதே ஆண்டில் பக்வொர்க்ஸ் என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கி, எதற்கும் அசையாத கிருமிகளுக்கு எதிராகப் புது ஆன்டிபயாட்டிக் தேடுகிறார்கள். நல்ல ஆன்டிபயாட்டிக்கைக் குறைவாகத்தான் பயன்படுத்த வேண்டும். குறைவாக விற்பதைத் தயாரிக்க எந்த முதலாளி வருவார்? இங்கிலாந்து இதற்கு ஒரு வழி கண்டது. 2022-இல் இரண்டு ஆன்டிபயாட்டிக்குகளுக்கு, எத்தனை குப்பி விற்றாலும் சரி என்று ஆண்டுச் சந்தாவாகப் பணம் கொடுக்கத் தொடங்கியது. நம் அரசு யோசிக்க வேண்டியது இந்த மாதிரி ஏற்பாட்டை.

பெங்களூரால் பெரிய சோதனையை நடத்த முடியுமா என்ற ஐயமும் வேண்டாம். செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் பிரேம் பைஸ், டெனிஸ் சேவியர் முதலானோர், ரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்குமான பழைய மலிவு மருந்துகளை ஒரே மாத்திரையில் அடக்கினால் மாரடைப்பு குறையுமா என்று ஆராய்ந்த பன்னாட்டுக் குழுவில் முன்னணியில் நின்றார்கள். 9 நாடுகள், 5,713 பேர், அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் இந்தியர்கள். 2020 நவம்பரில் முடிவு வந்தது. மாத்திரையும் ஆஸ்பிரினும் சேர்ந்து பெற்றவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பாதிப்புகள் 4.1 சதவீதம், போலி மாத்திரை பெற்றவர்களிடம் 5.8 சதவீதம். காப்புரிமை காலாவதியான மருந்துகளில் இப்படி எத்தனை பதில்கள் யாரும் கேட்காமல் கிடக்கின்றன!

கர்நாடக அரசுக்கு ஒரு வேண்டுகோள். பெங்களூரின் விக்டோரியா, பௌரிங், கித்வாய், ஜெயதேவா மருத்துவமனைகளை இணைத்து நிரந்தரச் சோதனை வலையமைப்பை இப்போதே உருவாக்குங்கள். அடுத்த தொற்று வருவதற்கு முன்பே திட்டமும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் தயாராக இருக்கட்டும். சம்மதப் படிவம் கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் தெலுங்கிலும், படித்தால் புரிகிற மொழியில், இருக்கட்டும்.

வாசகர்களுக்கும் ஒன்று. "புது மருந்து, விலை கொஞ்சம் அதிகம், உடனே ஆரம்பிக்கலாம்" என்று யாராவது சொன்னால், கையெழுத்துப் போடும் முன்பு கேளுங்கள்: எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்? யாரோடு ஒப்பிட்டார்கள்? முறையான சோதனையில் சேர அழைத்தால், பயந்து ஓடாமல் உட்கார்ந்து, எல்லாக் கேள்விகளையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.