மாமனாருக்கு ஒரு காம்ப்ளெக்ஸ்

உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? மாமனார் ரிடையராகிவிட்டாரா? அவருக்குப் பி.எஃப். பணம் வந்துவிட்டதா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் இந்த வாரம் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். இன்னும் கல்யாணமே ஆகாதவர்களும் படியுங்கள். ஆகாமலா போய்விடும்?

என் மாமனாருக்குத் தாழ்வு மனப்பான்மையெல்லாம் கிடையாது. ஆனாலும் அவரை ஒரு காம்ப்ளெக்ஸ் பிடித்து ஆட்டியது. ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ்.

தாம்பரத்தைத் தாண்டி ரோட்டு ஓரத்தில் எப்போதோ வாங்கிப் போட்ட ஒரு கிரவுண்டு. கையில் முப்பத்து நாலு வருஷ சர்வீஸின் பி.எஃப்., ஊரில் பாட்டன் நிலம் விற்ற பணம். மிச்சத்துக்கு பாங்க் லோன்.

"மாப்ளே, கீழே மூணு கடை, மேலே ரெண்டு மாடி ஆபீஸ். வாடகை வரும். காலை ஆட்டிக்கிட்டே சாப்பிடலாம். நீங்கதான் கூட இருந்து பாத்துக்கணும்."

ஆபீஸில் நான் டெண்டர் ஃபைலை இந்த மேஜையிலிருந்து அந்த மேஜைக்கு நகர்த்துகிறவன். பதினாறு வருஷமாக நகர்த்துவதால் எனக்குக் கட்டடம் கட்டத் தெரியும் என்று மாமா முடிவு கட்டிவிட்டார். பெண்ணைக் கொடுத்தவர். மறுக்க முடியுமா?

அவர் கணக்கு சுலபமானது. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. 2019-ல் வந்த தமிழ்நாடு கட்டட விதிகளின்படி சாதாரண உயரக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. 2. அதாவது மனையைப் போல இரண்டு மடங்கு கட்டலாம். 4,800 சதுர அடி. அடிக்கு நாற்பது ரூபாய் வாடகை. மாதம் 1,92,000. காலண்டர் பின்னாடி எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டுவிட்டார்.

"மாமா, மாடிப்படிக்கு யார் வாடகை தருவாங்க?"

முறைத்தார்.

படி, லிஃப்ட், கழிப்பறை, நடைவழி, சுவர் எல்லாம் அந்த 4,800-க்குள்தான் வந்து உட்காரும். சுற்றிலும் இடம் விட வேண்டும். வண்டி நிறுத்த இடம் காட்டாவிட்டால் பிளான் பாஸ் ஆகாது. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மாமா காலை ஆட்டுவதை நிறுத்திக்கொண்டார்.

"சரி, யார் மாமா வாடகைக்கு வரப்போறாங்க?"

"கட்டினா தானா வருவாங்க."

நியூயார்க்கிலும் இப்படித்தான் நினைத்தார்கள். எம்பயர் ஸ்டேட் பில்டிங். 102 மாடி. 1930 மார்ச்சில் ஆரம்பித்து 1931 மே 1-ம் தேதி திறந்தேவிட்டார்கள். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் நாடே பொருளாதார மந்தத்தில் கிடந்தது. ஆபீஸ் போட ஆள் இல்லை. ஊர்க்காரர்கள் 'எம்ப்டி ஸ்டேட் பில்டிங்' என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். 102 மாடிக்காரனுக்கே அந்தக் கதி. நமக்கு இரண்டு மாடி!

ஆகவே இரண்டு சனிக்கிழமை எதிர் டீக்கடையில் உட்கார்ந்தோம். மாமா கையில் நோட்டு. யார் போகிறார்கள், எங்கே நிற்கிறார்கள், எதைத் தேடுகிறார்கள் என்று குறித்தோம். ஏழு டீ, நாலு வடைக்குப் பிறகு விஷயம் புரிந்தது. அந்த ரோட்டில் ஜவுளிக்கடை போட்டால் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஆனால் ரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் ஜனங்கள் ஆட்டோ பிடித்து வெகுதூரம் போகிறார்கள். ஒரு லேப்காரரிடம் பேசினோம். வரத் தயார், ஆனால் வீல்சேர் ஏற சரிவுப் பாதை வேண்டும், த்ரீ பேஸ் கரண்ட் வேண்டும், மெஷின் கனத்தைத் தாங்கும் தளம் வேண்டும், பக்கத்திலேயே கழிப்பறை வேண்டும் என்றார்.

பிளான் காகிதத்தில் இருந்ததால் மாற்றம் எல்லாம் ஒரு ரப்பரோடு முடிந்தது. கட்டிய பிறகு கேட்டிருந்தால் கடப்பாரை எடுத்திருக்க வேண்டும்.

அடுத்து மேஸ்திரி வந்தார்.

"ஸார், இந்த ஏரியாவுல எல்லாத்துக்கும் அஞ்சடி அஸ்திவாரந்தான். பாறை மாதிரி மண்ணு. தையில பூஜையப் போடுங்க, நான் பாத்துக்கறேன்."

தை மாதம் நல்ல யோசனைதான். ஐப்பசியில் குழி தோண்டினால் அஸ்திவாரத்துக்குப் பதில் நீச்சல் குளம்தான் கிடைக்கும். மழைக்காலம் முடிந்து தோண்டுவதில் பஞ்சாங்கமும் இன்ஜினீயரும் ஒரே கட்சி.

ஆனால் எங்கள் இன்ஜினீயர், என் ஆபீஸ் நண்பரின் தங்கை, "மண் பரிசோதனை பண்ணாம நான் டிசைன் தரமாட்டேன் அங்கிள்" என்றது.

மாமா என்னைத் தனியே இழுத்துப் போனார். "சின்னப் பொண்ணு, புஸ்தகத்துல படிச்சதைச் சொல்லுது. மண்ணைத் தோண்டிப் பார்க்க அவ்வளவு பணமா? அத்தைக்கு ரெண்டு பட்டுப்புடவை எடுக்கலாம் மாப்ளே!"

நான் வேறொன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணே சொல்லியது. "2014 ஜூன் 28 ஞாபகம் இருக்கா அங்கிள்? மௌலிவாக்கம்."

மாமா வாயை மூடிக்கொண்டார். மழை பெய்த சனிக்கிழமை சாயங்காலம். கட்டி முடிக்கும் நிலையில் இருந்த 11 மாடி அப்படியே உட்கார்ந்தது. 61 பேர். பெரும்பாலும் வெளியூரிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தையும் நம்ப முடியாமல் 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

பரிசோதனைக்கு ஆள் வந்தது. எதிரெதிர் மூலைகளில் இரண்டு துளை. 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 'தொம்' என்று விடுகிறார்கள். குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி என்று எண்ணுகிறார்கள். நிறைய அடி என்றால் கெட்டி மண். அவ்வளவுதான் சூட்சுமம்.

தென்மேற்கு மூலை. பத்தடி ஆழத்தில் எண்ணினோம். பத்தொன்பது. மேஸ்திரி மீசையைத் தடவிக்கொண்டார்.

வடகிழக்கு மூலை. அதே ஆழம். ஒன்று... இரண்டு... மூன்று.

அவ்வளவுதான். வெண்ணெயில் கத்தி மாதிரி குழாய் இறங்கிவிட்டது. உள்ளேயிருந்து செங்கல் துண்டு, கறுப்புச் சேறு, ஒரு பிளாஸ்டிக் செருப்பின் பாதி.

எதிர் டீக்கடைப் பெரியவர் எட்டிப் பார்த்தார். "அங்கதானே பம்ப்செட்டுக் கிணறு இருந்திச்சு. பெரிய கிணறு. பிளாட் போட்டப்போ குப்பையக் கொட்டித் தூர்த்துட்டாங்க." ஏழு டீ குடித்தபோது இதை நாங்கள் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

ஈசானிய மூலையில் தண்ணீர் இருக்க வேண்டும் என்பது வாஸ்து. எங்கள் மனையில் வாஸ்து ரொம்பவும் பலமாக இருந்திருக்கிறது.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. மூன்று மூலை கெட்டி மண்ணில் நிற்க, ஒரு மூலை மட்டும் குப்பையில் அமுங்கினால் என்ன ஆகும் என்று இன்ஜினீயர் காகிதத்தில் வரைந்து காட்டியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ராத்திரி சாப்பிட உட்கார்ந்தவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுச் சொன்னார்.

"பணம் போயிருந்தாக்கூடப் பரவாயில்லை மாப்ளே. கீழே லேப். வயித்துப் பிள்ளைக்காரி எல்லாம் வந்து உக்காந்திருப்பா."

அதற்கு நான் என்ன பதில் சொல்ல?

திட்டம் முழுக்க மாறியது. அந்தப் பக்கத்துக்கு ஆழமான பைல் அஸ்திவாரம். செலவு ஏறியதால் இரண்டாவது மாடியை ஒத்திப்போட்டோம்; ஆனால் பிற்பாடு எழுப்பும்படி தூண்களுக்கு இப்போதே பலம். முகப்பில் மாமா ஆசைப்பட்ட நீலக் கண்ணாடி ரத்து. எதிர்பாராத செலவுக்கென்று பத்து சதவிகிதம் தனி அக்கவுண்ட்டில். "சுமாரா இவ்வளவு ஆகும்" என்ற மேஸ்திரியின் வாய்க்கணக்குக்குப் பதிலாக எவ்வளவு கம்பி, எவ்வளவு கான்கிரீட், என்ன ரேட் என்று வேலைவாரியாக எழுதிக் கையெழுத்து. கரண்டுக்கும் லிஃப்ட்டுக்கும் முன்கூட்டியே மனு. கட்டடம் முடிந்து கரண்ட் வராவிட்டால் வாடகை வராது, பாங்க் வட்டி மட்டும் நாள் தவறாமல் வரும்.

பூஜை தையில் நடக்கவில்லை. காகித வேலையே அடுத்த தை வரை இழுத்தது. உறவினர்கள் கேலி செய்தார்கள். ஆனால் ஆரம்பித்த பிறகு வேலை எங்கேயும் நிற்கவில்லை. எதையும் இடித்துக் கட்டவில்லை.

போன மாதம் லேப் திறப்பு விழா. மாமா பட்டு வேட்டியில் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாயின்ட்டே மண்ணுதான் ஸார். எல்லாரும் அஞ்சடி போதும்னாங்க. நான்தான் விடாப்பிடியா டெஸ்ட் பண்ணியே ஆகணும்னேன். எங்க மாப்ளைக்கு இதெல்லாம் தெரியாது. அவர் ஆபீஸ்ல ஃபைல் தள்ளறவர்."

பக்கத்தில் இன்ஜினீயர் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நானும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு ஈசானிய மூலையில் போய் நின்றேன். காலால் ஒரு உதை உதைத்துப் பார்த்தேன்.

கெட்டியாக இருந்தது.