தூறலுக்கு அணையாத தீ: அலாஸ்கா காடுகள் தரும் பாடம்



2023-ல் கனடாவில் சுமார் 1.5 கோடி ஹெக்டேர் எரிந்ததும், அந்தப் புகையால் நியூயார்க் வானமே ஆரஞ்சு நிறமானதும் உங்களுக்கு நினைவிருக்கலாம். அதே வகைக் காடுகள் அமெரிக்காவின் வடகோடி மாநிலமான அலாஸ்காவிலும் உள்ளன. அங்கு 2004-ல் மட்டும் சுமார் 66 லட்சம் ஏக்கர் எரிந்தது. எந்தத் தீயை அணைப்பது, எதை எரியவிடுவது என்பதுதான் அங்குள்ள அலுவலர்களின் பெரிய கேள்வி.

தரைக்குள் கனலும் தீ

இந்தக் காடுகளில் பாசியும் ஊசியிலைச் சருகும் தரைமேல் மெத்தை போலக் கிடக்கும். தீ அதற்குள் இறங்கிக் கனலும். கனடாவில் உருவாகி அலாஸ்காவிலும் பயன்படும் தீ அபாயக் கணக்கு, இந்த மெத்தையை மூன்று அடுக்காகப் பார்க்கிறது. மேலடுக்கு ஒரே நாளில் காயும். நடு அடுக்கு காய ஏறத்தாழ இரண்டு வாரமும், ஆழ் அடுக்கு காய சுமார் 50 நாளும் ஆகும். ஒரு நாளில் 2.8 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தால்தான் ஆழ் அடுக்கு நனைந்ததாகக் கணக்கு. தூறலுக்கும் உழவு மழைக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குச் சொல்லியா தெரிய வேண்டும்?

தேதியா, ஈரமா?

அலாஸ்காவின் சில பகுதிகளில் கோடையின் தொடக்கத்தில் எழும் தீயை உடனே அணைக்க முயல்வார்கள். வழக்கமாக ஜூலை 10-ஐ ஒட்டி, ஆபத்தில்லாத தீயைக் கண்காணித்து எரியவிடும் முறைக்கு மாறுவார்கள். அதற்குப் பின் மழை வந்துவிடும் என்ற நம்பிக்கைதான் காரணம். 2004-ல் ஆகஸ்டும் காய்ந்து போனது, தீயும் நீண்டுகொண்டே போனது. ஆடிப்பட்டம் வந்தாலும் மண்ணில் ஈரம் பார்த்துத்தான் நாம் விதைக்கிறோம். அவர்களும் தேதியோடு ஆழ் அடுக்கின் ஈரத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

அறிவு இரு பக்கமும் போகட்டும்

இந்தக் கணக்கைக் களத்தில் நிற்பவரிடம் சேர்க்கவே, அலாஸ்கா பல்கலைக்கழகத்தில் தீ அறிவியல் கூட்டமைப்பு ஒன்று உருவானது. தீக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஆய்வாளர்களையும் தீயணைப்பு அலுவலர்களையும் அது ஒன்றாக உட்காரவைத்தது.

களத்தின் அறிவும் ஆய்வுக்கு உதவியது. சில தீக்கள் குளிர்காலம் முழுவதும் பனிக்கடியில் கனன்று, பனி உருகியதும் மீண்டும் எழுகின்றன. அலுவலர்களின் களப் பதிவுகளைச் செயற்கைக்கோள் படங்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2021-ல் 'நேச்சர்' இதழில் வெளியானது. இத்தகைய தீ பழைய எரிந்த பரப்பை ஒட்டியே, மின்னல் காலத்துக்கு முன்பே எழுகிறது என்று அது காட்டியது. எங்கே, எப்போது தேட வேண்டும் என்பது இப்போது அலுவலர்களுக்குத் தெரியும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

* காட்டோர நிலங்களில் சருகுக்குத் தீ வைக்காதீர்கள்.
* குப்பைமேட்டில் தீப்பிடித்தால் மேலே தண்ணீர் தெளித்ததோடு விடாதீர்கள். கிளறிவிட்டு, அடிவரை நனையுங்கள்.
* வேளாண் அலுவலர் வரும்போது, உங்கள் வயலில் கண்டதைத் தேதியோடு சொல்லுங்கள். எங்கள் ஆய்வுக்கான கேள்விகள் அதிலிருந்துதான் கிடைக்கின்றன.