கிடங்கிலேயே வேலை முடிந்தால்?

திருப்பூருக்கு அருகே உள்ள ஊர் முதலிபாளையம். அங்கே சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிறது. இந்தப் பக்கத்தில் பனியன் ஒரே கூரையின் கீழ் உருவாவதில்லை. நூல் ஓரிடத்தில் துணியாகும். சாயம் ஏறுவது இன்னோரிடம். வெட்ட, தைக்க, செக்கிங் செய்ய வெவ்வேறு இடங்கள். நடுவே டெம்போ ஓடிக்கொண்டே இருக்கும். வேலைக்கூலி ஒரு பக்கம். ஏற்றி இறக்கும் செலவு மறுபக்கம்.

கம்ப்யூட்டரின் கதையும் இதுதான்!

ஓயாத ஓட்டம்

கம்ப்யூட்டருக்குள் நினைவகம் தனி. கணக்குப் போடும் பகுதி தனி. நினைவகம் ஒரு கிடங்கு மாதிரி. அங்கிருந்து எண்களை எடுத்துவர வேண்டும். கணக்கு முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் வைக்க வேண்டும். கணக்குப் போட ஆகும் மின்சாரத்தைவிட, எண்களைச் சுமக்க ஆகும் மின்சாரமே பல சமயம் அதிகம்.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் இந்தச் சுமை பெருகிவிட்டது. அதற்கென்றே பெரிய பெரிய கம்ப்யூட்டர் கூடங்கள் கட்டுகிறார்கள். அவற்றின் மின்சாரப் பசிக்கு அளவே இல்லை.

மனித மூளையைப் பாருங்கள். சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். செலவோ ஏறத்தாழ 20 வாட்! காரணம் என்ன? பல உண்டு. முக்கியமான ஒன்று: மூளையில் கிடங்கும் பட்டறையும் ஒன்றே. நினைவு தங்கும் இடத்திலேயே யோசனையும் நடக்கிறது.

இப்படி ஒரு கருவி செய்ய முடியாதா?

37 ஆண்டுகள்

முடியும் என்று 1971-ல் காகிதத்தில் கணக்குப் போட்டுச் சொன்னார் லியோன் சுவா. அமெரிக்காவில் பேராசிரியர். தன் வழியே முன்பு எவ்வளவு மின்சாரம் ஓடியது என்பதை நினைவில் வைக்கும் கருவி அது. 'மெம்ரிஸ்டர்' என்று பெயர் வைத்தார். அதைக் கையில் எடுத்துக் காட்ட 2008 வரை ஆயிற்று. ஹியூலெட் பேக்கார்டு ஆய்வுக்கூடத்தில் ஸ்டான்லி வில்லியம்ஸ் குழுவினர் செய்து காட்டினார்கள்.

பெங்களூர் சாதனை

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஸ்ரீதோஷ் கோஸ்வாமி என்ற விஞ்ஞானி இதில் ஈடுபட்டிருக்கிறார். அவரது குழுவின் கட்டுரை 2024 செப்டம்பரில் 'நேச்சர்' பத்திரிகையில் வந்தது.

சாதாரண விசைக்கு இரண்டே நிலை. விளக்கு எரியும், அல்லது அணையும். இந்தக் குழு செய்த மெல்லிய மூலக்கூறுப் படலமோ 16,500 நிலைகளில் நிற்கிறது! ஒவ்வொரு நிலையும் ஓர் எண். அதில் மின் அழுத்தம் கொடுத்தால், நிலைக்குத் தக்கபடி மின்சாரம் ஓடும். பெருக்கல் அங்கேயே முடிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் படித்த ஓம் விதிதான். செயற்கை நுண்ணறிவின் வேலையில் பெரும்பகுதி பெருக்கலும் கூட்டலுமே. டெம்போ ஓட்டம் குறைகிறது.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அனுப்பிய விவரங்களைக் கொண்டு, 'படைப்பின் தூண்கள்' என்ற விண்மேகத்தின் படத்தை, மேசைமேல் வைக்கும் கம்ப்யூட்டரிலேயே வரைந்து காட்டினார்கள்.

ஆலைக்கு வருமா?

மத்திய அரசின் மின்னணுத் துறை பணம் கொடுத்திருக்கிறது. முழுச் சில்லையும் நம் நாட்டிலேயே செய்ய வேண்டும் என்பது குழுவின் அடுத்த நோக்கம்.

அங்கேதான் கஷ்டம். ஆய்வுக்கூடத்தில் ஒன்று செய்வது வேறு. ஆலையில் கோடி செய்வது வேறு. சில்லுகளுக்கு நாம் பெரும்பாலும் வெளிநாட்டையே நம்பியிருக்கிறோம். குஜராத்தில் தொலேரா என்ற இடத்தில் ரூ.91,000 கோடியில் டாட்டா நிறுவனம் சில்லு ஆலை அமைக்க, 2024 பிப்ரவரியில் மத்திய மந்திரிசபை அனுமதி தந்தது. மூலக்கூறுப் படலம் அப்படிப்பட்ட ஓர் ஆலையின் சூட்டைத் தாங்க வேண்டும். ஒவ்வொரு சில்லும் அச்சாக ஒரே மாதிரி இருக்க வேண்டும். முதல் சாம்பிள் சரியாக வந்துவிடும், ஆயிரமாவது உருப்படியில்தான் வம்பு என்பது பனியன்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வந்தால் என்ன ஆகும்?

நிட்டிங் மெஷினில் ஓர் ஊசி உடைந்தால், துணி நெடுகக் கோடு விழும். கண் தப்பினால் ரோல் முழுதும் வீண். இதைக் காமிரா வைத்துப் பிடிக்கும் கருவிகள் உண்டு. நாலு மெஷின் வைத்திருப்பவருக்கு அவற்றின் விலை எட்டாது. சிக்கனமான சில்லு மலிவாகக் கிடைத்தால் மெஷினிலேயே பொருத்திவிடலாம். படத்தை எங்கோ உள்ள கூடத்துக்கு அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

அப்படியானால் செக்கிங் வேலை பார்க்கும் பெண்களின் கதி? கோடு தேடும் வேலை மெஷினுக்குப் போகலாம். தைத்த உருப்படியைத் திருப்பிப் பார்த்து, பிசிறு வெட்டி, அளவு சரிபார்க்கும் வேலை அவ்வளவு சுலபமாகப் போகாது. எது பழுது, எது பழுதில்லை என்று காமிராவுக்குக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். அதற்கு அந்தப் பெண்களைவிடத் தகுதியானவர்கள் யார்? அந்த வேலைக்கு அவர்களை எடுப்பார்களா, எடுத்தால் என்ன கூலி என்பதை மெஷின் வாங்கும் முதலாளிதான் சொல்ல வேண்டும்.