சத்து மாத்திரையும் மாத்திரைதாங்க!

"வேற என்னென்ன மாத்திரை எடுத்துக்கறீங்க?"ன்னு டாக்டர் கேட்டா நம்ம வீட்டுப் பெரியவங்க என்ன சொல்வாங்க? பிரஷருக்கு ஒண்ணு, சுகருக்கு ரெண்டு, தைராய்டுக்கு ஒண்ணு. அவ்ளோதான். கால்சியம்? "அட, அது சும்மா சத்து மாத்திரை". இரும்புச்சத்து மாத்திரை, கொரோனா சமயத்துல ஆரம்பிச்சு இன்னும் நிறுத்தாத ஜிங்க், நாட்டு மருந்துக் கடையில வாங்கின செந்தூரம், ராத்திரி நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற ஜெலுசில்... எதுவுமே கணக்குல வராது.

என் கட்சி இதுதான் மக்களே: இதெல்லாம் கணக்குல வந்தே ஆகணும். முதல் வரியிலயே வரணும்.

முன்னாடியே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல. பொட்டி தட்டி ஆணி புடுங்கற ஆசாமி. ஆனா வீட்டுல ஆறேழு மாத்திரை சாப்பிடறவங்க இருக்கறதால இதைப் பத்தி நிறையப் படிக்க வேண்டியதாப் போச்சு.

மருந்தும் தாது உப்பும் மோதற இடம் ரெண்டு. ஒண்ணு குடல், இன்னொண்ணு ரத்தம். இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்காததாலதான் பாதிக் குழப்பமே.

முதல்ல குடல். கால்சியம், இரும்பு, மெக்னீசியம், ஜிங்க், அலுமினியம் எல்லாம் சில மருந்துகளைக் கெட்டியாப் புடிச்சுக்கும். புடிச்சுக்கிட்டா மருந்து ரத்தத்துக்குள்ள போகாது, அப்படியே வெளிய போயிடும். கீலேஷன்னு பேரு. கிரேக்க மொழியில நண்டுக் கொடுக்குன்னு அர்த்தமாம். பொருத்தமான பேருதான் :-)

தைராய்டுக்குக் குடுக்கற லெவோதைராக்சின் இதுல நல்லா மாட்டும். அதுக்கும் கால்சியம், இரும்பு மாத்திரைக்கும் நடுவுல 4 மணி நேரமாவது இடைவெளி வேணும். யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கு எழுதற சிப்ரோஃபிளாக்சசினை இந்த உப்புகளுக்கு 2 மணி நேரம் முன்னாடி, இல்லேன்னா 6 மணி நேரம் கழிச்சு எடுக்கணும். டாக்ஸிசைக்ளினும் இதே ஜாதிதான். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு தடவை போடற அலென்ட்ரோனேட்டைக் காலையில வெறும் வயித்துல, வெறும் தண்ணியில போட்டு அரை மணி நேரமாவது காத்திருக்கணும். அதே எலும்புக்காகத் தர்ற கால்சியத்தைக்கூட அதோட சேர்த்து முழுங்கக் கூடாது.

எங்க பெரியம்மா கதையைச் சொல்றேன். காலையில எந்திரிச்சதும் தைராய்டு, கால்சியம், இரும்பு மூணையும் ஒரே வாயில போட்டு, பின்னாடியே ஒரு டம்ளர் ஃபில்டர் காபி. (காபியும் தைராய்டு மாத்திரை உள்ள போறதைக் குறைக்கும், அரை மணியிலேர்ந்து ஒரு மணி நேரம் பொறுக்கணும்.) டி.எஸ்.எச். இறங்கவே இல்ல. ரெண்டு தடவை டோஸை ஏத்தினாங்க. மூணாவதா போன டாக்டரம்மா, "வீட்டுல இருக்கற எல்லா அட்டையையும் பையில போட்டுக் கொண்டாங்க"ன்னாங்க. பார்த்துட்டு கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்கும் இரும்பை ராத்திரிக்கும் மாத்தினாங்க. அடுத்த டெஸ்ட்ல டி.எஸ்.எச். இறங்கிடுச்சு. ஏத்தின டோஸையும் குறைக்க வேண்டியதாச்சு.

இதுல நான் பயந்தது அந்தக் கடைசி விஷயத்துக்குத்தான். கால்சியம் தடுக்குதுன்னு தெரியாமலே டோஸ் ஏறிக்கிட்டே போகுது. ஒரு நாள் கால்சியம் அட்டை தீர்ந்துபோய், "அப்புறம் வாங்கிக்கலாம்"னு விட்டுட்டா? ஏத்தி வச்ச டோஸ் மொத்தமும் உள்ள போகும். படபடப்பு, தூக்கமின்மை, வயசானவங்களுக்கு இதயத் துடிப்புல கோளாறு வரைக்கும் போகலாம். சத்து மாத்திரையைச் சாப்பிடறது மட்டுமில்ல, திடீர்னு நிறுத்தறதும் டாக்டருக்குத் தெரியணும்.

ரெண்டாவது ரத்தம். இங்க மணி பார்த்துப் பிரிச்சுப் போடறதால பிரயோஜனமே இல்ல. டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில், எனாலப்ரில் மாதிரி பிரஷர் மாத்திரைகளும், ஸ்பைரனோலாக்டோனும் பொட்டாசியத்தை உடம்புலயே தங்க வைக்கும். அதுக்கு மேல பொட்டாசியம் சிரப், மாத்திரைன்னு சேர்ந்தா, முக்கியமா கிட்னி கொஞ்சம் வீக்கா இருக்கறவங்களுக்கு, ரத்தத்துல பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடம் புரளலாம். பிரஷருக்கு நல்லதுன்னு விக்கிற 'சோடியம் குறைந்த உப்பு' பாக்கெட்டைத் திருப்பிப் படிங்க. சோடியத்துக்குப் பதிலா அதுல இருக்கறது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. 2025-ல உலக சுகாதார நிறுவனம் இந்த வகை உப்பைப் பரிந்துரை பண்ணினப்பகூட, கிட்னிக் கோளாறு மாதிரி பொட்டாசியம் வெளியேறாத பிரச்சினை உள்ளவங்களை விலக்கித்தான் சொல்லியிருக்கு.

கால்சியத்துக்கும் இந்தக் கூத்து உண்டு. ஹைட்ரோகுளோரோதையசைடு, குளோர்தாலிடோன்னு பிரஷருக்குத் தர்ற மாத்திரைகள் சிறுநீர்ல கால்சியம் போறதைக் குறைக்கும். கூடவே கால்சியம், வைட்டமின் டி 60,000 யூனிட் பாக்கெட்னு கணக்கில்லாம போட்டா ரத்தத்துல கால்சியம் எகிறும்.

"அப்போ எல்லாத்தையும் குப்பையில போட்டுடலாமா?"ன்னு கேக்காதீங்க. தேவைப்படறவங்களுக்கு அது மருந்து. கர்ப்பிணிகளுக்கு அரசாங்கமே இரும்பு, கால்சியம் ரெண்டும் தருது, ஆனா ஒண்ணாப் போடாதீங்கன்னு சொல்லித்தான் தருது. சில சமயம் மருந்தே சத்தைக் குறைக்கும். கேஸ் மாத்திரைன்னு வருஷக்கணக்காச் சாப்பிடற பேண்டோப்ரசோல் வகையறா ரத்தத்துல மெக்னீசியத்தைக் குறைக்கலாம்னு அமெரிக்க எஃப்.டி.ஏ. 2011-லயே எச்சரிச்சது. அந்த வகையறா சாப்பிடறவங்களுக்குக் கால்சியம் கார்பனேட் சரியாச் சேராது, ஏன்னா அதுக்கு வயித்து அமிலம் வேணும். கால்சியம் சிட்ரேட்டுக்கு வேண்டாம். ஆக, எது, எவ்வளவு, எப்போ... இந்த மூணும்தான் கேள்வி.

நாட்டு மருந்துக்கும் இதே கேள்விதான். அன்னபேதிச் செந்தூரத்துல இருக்கறது இரும்பு. சங்கு பற்பத்துல இருக்கறது கால்சியம். சித்த மருத்துவத்தைக் குறை சொல்லலைங்க. ரெண்டு பக்கத்து வைத்தியர்கிட்டயும் ரெண்டையும் சொல்லுங்கன்னுதான் சொல்றேன்.

இப்போ யார் பொறுப்பு? எங்க பொழப்புல ஒண்ணு அடிக்கடி நடக்கும். ஒவ்வொருத்தர் எழுதின புரோகிராமும் தனித்தனியா டெஸ்ட் பாஸ் ஆகும். சேர்த்து ஓட்டினா படுத்துக்கும். மருந்துச் சீட்டும் அப்படித்தான். இதய டாக்டர் எழுதினது சரி, எலும்பு டாக்டர் எழுதினது சரி. சேர்த்துப் பார்க்கத்தான் ஆள் இல்ல. எலும்பு டாக்டர் ஒரு பேர்ல, மகளிர் டாக்டர் வேற பேர்ல ஒரே கால்சியத்தை ரெண்டு தடவை எழுதறதுகூட நடக்கும். டாக்டர் கேட்கணும், மருந்துக் கடைக்காரர் கேட்கணும், வாஸ்தவம். ஆனா நாம சொல்லாததை அவங்க எங்கேர்ந்து கண்டுபிடிப்பாங்க?

அதனால பட்டியல் நம்ம வீட்டுல இருக்கணும். ஒரே ஒரு தாள். மாத்திரை பேரு, உள்ள என்ன உப்பு, எவ்வளவு, எத்தனை மணிக்கு, எப்பலேர்ந்து, யார் குடுத்தது. அளவு எழுதும்போது கவனம்: 1250 மி.கி. கால்சியம் கார்பனேட்னா அதுல கால்சியம் 500 மி.கி.தான். 'யார் குடுத்தது' கட்டத்தை நிரப்பும்போதுதான் தமாஷ். பக்கத்து வீட்டு அக்கா, டிவி விளம்பரம், அப்புறம்... வெளிநாட்டுலேர்ந்து வந்த பையன்!

ஆமாங்க, நம்மளைத்தான் சொல்றேன். லீவுக்கு வரும்போது 300 மாத்திரை போட்ட பெரிய டப்பாவை அம்மா கையில குடுத்துட்டு "டெய்லி ஒண்ணு போடும்மா"ன்னு சொல்லிட்டு ஃப்ளைட் ஏறிடறோம். பையன் ஆசையா வாங்கிட்டு வந்ததாச்சேன்னு அம்மாவும் விடாம போடுவாங்க, டாக்டர்கிட்ட சொல்லவும் மாட்டாங்க. அடுத்த தடவை டப்பாவுக்குப் பதிலா ஒரு அரை நாள் உக்காந்து அந்தத் தாளை எழுதிக் குடுங்க. பெட்டியில இடமாவது மிச்சமாகும்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு நீங்களா எதையும் நிறுத்தவோ மாத்தவோ வேண்டாம். தாளோட போய் டாக்டரைப் பாருங்க. மருந்தால பக்கவிளைவுன்னு சந்தேகமா இருந்தா, சாதாரண ஜனங்களே புகார் சொல்ல இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தோட இலவச எண் இருக்கு: 1800-180-3024. உங்க வீட்டுப் பட்டியல்ல மாட்டின ஆச்சரியங்களைப் பின்னூட்டத்துல சொல்லுங்க, நாலு பேருக்கு உதவும்.