சுமக்கத்தக்க கூரை

முதுகில் சுமந்து நடக்க ஏற்ற, எடை குறைந்த, விலையும் கட்டுப்படியாகிற கூடாரம் எது? கடந்த சில ஆண்டுகளாக என் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இலக்கியம் பேசும் இடத்தில் இதற்கென்ன வேலை என்று நண்பர்கள் சிலர் கேட்கலாம். பாசறையைப் பாடிய மொழிக்குக் கூடாரம் அந்நியமான பொருளன்று என்பது என் முதல் பதில். இந்தக் கேள்விக்குள் யார் மலைக்குப் போகலாம், யார் போக முடியாது என்ற இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது என்பது இரண்டாவது பதில்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் மலைகளுக்கு விலையுயர்ந்த கூடாரம் வேண்டியதில்லை. துணியைப் பற்றிய அறிவுதான் வேண்டும். அந்த அறிவு இளம்பிள்ளை போன்ற ஊர்களில் ஏற்கெனவே இருக்கிறது.

கஞ்சமலைப் பக்கத்தில் உள்ள இளம்பிள்ளையைச் சேலை உடுத்தும் தமிழ்நாடு அறியும். தறிச்சத்தம் ஓயாத தெருக்கள் அவ்வூரில் உண்டு. அங்கிருந்து வரும் மாணவர் ஒருவர் ஒருநாள் கைப்பேசியில் ஒரு கூடாரத்தைக் காட்டினார். வெளிநாட்டுத் தயாரிப்பு, எடை ஒரு கிலோவுக்கும் குறைவு, விலையோ விசைத்தறியில் கூலிக்கு ஓட்டும் அவருடைய தந்தையின் இரண்டு மாத வருமானத்தைத் தாண்டும். “இது இல்லாமல் போகக்கூடாது என்கிறார்கள்” என்றார். அதன் விவரக்குறிப்பில் “20 டெனியர்” என்று ஒரு வரி இருந்தது. அதன் பொருளை அவர் தந்தையிடமே கேட்டிருக்கலாம். 9,000 மீட்டர் நீள நூலின் எடை எத்தனை கிராமோ, அத்தனை டெனியர். எண் குறையக் குறைய நூல் மெலியும், துணியின் எடை குறையும், விலை ஏறும், கிழியும் வாய்ப்பும் ஏறும். மலிவான கூடாரங்களில் வழக்கமாகக் காணப்படுவது 68, 75 டெனியர் பாலியெஸ்டர். சேலை நெய்வோருக்கு இந்த எண்கள் புதியனவல்ல.

விலையுயர்ந்த இலகு கூடாரங்கள் பெரும்பாலும் சிலிகான் பூசிய நைலானால் ஆனவை. நைலான் வலிமை மிக்கது; ஆனால் ஈரத்தை உறிஞ்சித் தளரும். மாலையில் விறைப்பாகக் கட்டிய கூரை நள்ளிரவு மழையில் தொய்ந்துவிடும். வெயிலின் புற ஊதாக் கதிர்களுக்கும் அது பாலியெஸ்டரைவிட விரைவில் நலியும். பாலியெஸ்டர் சற்றுக் கனம். ஆயினும் நனைந்தால் அவ்வளவாகத் தளராது, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். நம் நாட்டில் வெயிலும் ஈரமும்தானே பெரும்பகை? அப்படியானால் மலிவான துணியே நமக்குப் பொருத்தமான துணியாகவும் அமைந்துவிடுகிறது. இதை விளம்பரங்கள் சொல்லா. அவை பெரும்பாலும் குளிர்நாட்டு மலைகளை மனத்தில் வைத்து எழுதப்படுபவை. மார்கழி ஏற்காட்டுக் குளிர் நம் சமவெளியினருக்குக் கடுங்குளிர்தான். ஆனால் உறைபனி குவிந்து கூரையை அமுக்கும் குளிரன்று. கொல்லிமலையிலும் அப்படியே.

அடுத்த எண் மில்லிமீட்டரில் வரும். துணியின்மேல் செங்குத்தாக நீரை ஏற்றிக்கொண்டே போனால் எந்த உயரத்தில் அது கசியத் தொடங்குகிறது என்பதன் அளவு. கூரைக்கு 1,500 முதல் 2,000 வரை இருந்தால் நம் மழைக்குப் போதும். உட்காரும்போதும் முழங்கால் ஊன்றும்போதும் அழுத்தம் கூடுவதால் தரைத்துணிக்கு அதனினும் அதிகம் வேண்டும். ஆனால் தண்ணீர் பெரும்பாலும் துணியின் நடுவே வருவதில்லை, தையலின் ஊசித்துளை வழியே வருகிறது. ஆகவே எண்ணைப் பார்ப்பதற்கு முன் கூடாரத்தை உட்புறம் திருப்பித் தையல்களின்மேல் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டப்படாத கூடாரம் 5,000 என்று அச்சிட்டிருந்தாலும் ஒழுகும்.

சந்தையில் ஆயிரம் ரூபாய்க்கும் அதனைச் சுற்றியும் கிடைக்கும் ஒற்றைத் துணிக் கூடாரங்களைத் தவிர்த்துவிடுவது நல்லது. மழை பெய்யாத இரவிலும் அவற்றுள் நனையலாம். இருவர் இரவெல்லாம் விடும் மூச்சின் ஈரம் குளிர்ந்த துணியில் பட்டு நீராகிச் சொட்டும். கொசுவலை போன்ற உள்ளறை, அதன்மேல் தொடாமல் நிற்கும் வெளிக்கூரை, இடையே காற்றோட்டம் என்ற இரட்டை அமைப்பே நமக்கு ஏற்றது. சொட்டும் நீர் வெளிக்கூரையின் உட்புறமாக வழிந்து தரைக்குப் போய்விடும். வலைப்பகுதி எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. இத்தகைய இருவர் கூடாரம் இரண்டரைக் கிலோ அளவில், மூவாயிரம் முதல் ஆறாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. கூடுதலாகச் செலவழிக்க மனமிருந்தால் கழிக்குச் செலவழியுங்கள். கண்ணாடியிழைக் கழி கனமானது, முறிந்தால் சிம்பு சிம்பாகப் பிளக்கும். அலுமினியக் கழி வளையும். ஒரு குழாய்த்துண்டைச் செருகி அந்த இரவைக் கடத்திவிடலாம்.

இந்த இடத்தில் முல்லைப்பாட்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பத்துப்பாட்டில் மிகச் சிறியது, 103 அடிகள், பாடியவர் நப்பூதனார். அதில் வரும் பாசறையில் வீரர்கள் வில்லையே ஊன்றி, அம்பறாத்தூணியைத் தொங்கவிட்டு, கயிறு இழுத்துக் கட்டி இருக்கை அமைக்கிறார்கள். அதற்குப் புலவர் சொல்லும் உவமை போரிலிருந்து வரவில்லை, துறவியிடமிருந்து வருகிறது. துவைத்த காவியாடையைத் தன் முக்கோலின்மேல் இட்டு வைத்திருக்கும் அந்தணனின் தோற்றம் அது. படைவீரனுக்கும் துறவிக்கும் பொதுவாக இருப்பது ஒன்றே: வேறொரு வேலைக்குக் கையில் இருப்பதே தூணாகிவிடுகிறது, தனியே தூண் சுமப்பதில்லை. இன்று மேல்நாட்டில் பெருவிலைக்கு விற்கும் இலகு கூடாரங்கள் பல, நடக்கும்போது ஊன்றும் கைத்தடியையே கழியாகக் கொள்பவை. எடை குறைப்பின் சூத்திரம் பழையது. புதியது அதன் விலைதான்.

அமெரிக்காவில் எம்மா கேட்வுட் என்ற மூதாட்டி 1955-இல் தம் 67-ஆம் வயதில் அப்பலாச்சியன் நெடும்பாதை முழுவதையும், மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல், தனியே நடந்து முடித்தார். தோளில் தாமே தைத்த ஒரு பை, கூடாரம் கிடையாது. குளியலறைத் திரையாகப் பயன்படும் ஒரு நெகிழித் தாள் மழைக்கு. எல்லோரும் அவ்வாறு போக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நடப்பதற்கான தகுதியைக் கடை வழங்குவதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். இரண்டரைக் கிலோவை இருவர் பங்கிட்டால் தலைக்கு ஒன்றேகால் கிலோ. ஒருவர் துணியையும் மற்றவர் கழியையும் ஆணிகளையும் எடுத்துக்கொள்ளலாம். பல ஆயிரம் கொடுத்து ஒரு கிலோவைக் குறைப்பதற்கு முன், பையில் உள்ள வேண்டாத ஒரு கிலோவைக் காசில்லாமல் குறைக்கலாம். உறையில் அச்சிட்ட எடையில் ஆணியும் பையும் சேராமல் இருப்பதுண்டு. நூல்கடைத் தராசில் ஒருமுறை முழுதாக நிறுத்துப் பார்த்துவிடுவது உத்தமம்.

வாங்கியபின் காக்க வேண்டும். மலிவான கூடாரங்களின் நீர்த்தடுப்புப் பூச்சு பெரும்பாலும் பாலியூரித்தேன். ஈரத்தோடு மடித்து வைத்தால் அது சிதைந்து பிசுபிசுக்கும், நாறும். வீடு திரும்பியதும் நிழலில் உலர்த்துங்கள். இந்த ஒரு பழக்கம் கூடாரத்தின் ஆயுளைப் பல ஆண்டுகள் நீட்டும்.

கூடாரம் கையில் இருப்பதாலேயே காட்டில் இரவு தங்கும் உரிமை வந்துவிடாது என்பதையும் இளைஞர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் பற்றிய காட்டுத்தீ, மலையேறச் சென்ற 23 பேரின் உயிரைக் கொண்டுபோயிற்று. அவ்வாண்டே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசு 14 மாவட்டங்களில் 40 பாதைகளைப் பதிவு செய்து, வழிகாட்டிகளோடு நடக்கத் திறந்தது. காப்புக்காட்டில் அனுமதியின்றித் தங்குவது குற்றம். கோடையில் அடுப்பு மூட்டுவது அதனினும் கேடு. ஆகவே கூடாரத்தை அனுமதி உள்ள முகாம்களிலும், உடைமையாளர் இசையும் தோட்டங்களிலும், வெளிமாநில நெடும்பாதைகளிலும் விரிக்கலாம்.

சேலம், நாமக்கல் சமவெளியில் அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்ப்போர் தார்ப்பாயைக் கழியில் கட்டித் தங்குவதைப் பார்த்திருப்பீர்கள். காற்று எந்தப் பக்கம், மழைநீர் எவ்வழி ஓடும், மேட்டில் எந்த இடம் என்று பார்த்து இடம் தேர்வதில் அவர்கள் அறிவு நம் கையேடுகளுக்குக் குறைந்ததன்று. அவர்களுக்குக் கூடாரம் பொழுதுபோக்கன்று, வீடு. அவர்களிடம் நின்று பேசிவிட்டு மலைக்குப் போகும் இளைஞர், ஒரு பொருளை வாங்குவதையே பண்பாடாகக் கருதமாட்டார் என்று நம்புகிறேன்.

முடிவாக ஒரு யோசனை. நம் கல்லூரிகள் ஒவ்வொன்றும் நான்கைந்து இரட்டைத் துணிக் கூடாரங்களை வாங்கி, நூலகத்தில் நூல் இரவல் தருவது போலத் தரலாம். ஆண்டுக்குச் சில இரவுகளே பயன்படும் பொருளை ஆளுக்கொன்று வாங்குவானேன்? இருபத்தையாயிரம் ரூபாய் பெரும்பாலான கல்லூரிகளுக்குப் பெருந்தொகையன்று; ஒரு விழா மேடையின் அலங்காரச் செலவுதான். அன்றாடம் கஞ்சமலையைப் பார்த்தே வளர்ந்து, திறந்த வானத்தின்கீழ் ஓர் இரவும் தங்கியிராத தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். முல்லைப்பாட்டை அவர்களுக்கு நடத்துகிற நாம், அந்த இரவுக்கான கூரையையும் கொடுத்துப் பார்க்கலாமே.