பொருளின் விலையும் பொதியின் கூலியும்

பண்ருட்டியிலிருந்து நெய்வேலி வழியாகக் கும்பகோணம் செல்லும் நெடுஞ்சாலையில், காடாம்புலியூரைக் கடப்போர் கண்ணில் முதலில் படுபவை முந்திரிக் கடைகள். கடலூர் மாவட்டத்தின் செம்மண் நிலத்தில் விளையும் கொட்டையும், ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கப்பலேறி வரும் கொட்டையும் இவ்வட்டாரத்தில் உடைபட்டுப் பருப்பாகின்றன. வண்டியை நிறுத்தி இறங்குபவர் பருப்பைக் கையில் அள்ளிப் பார்க்கிறார், ஒன்றை வாயிலிட்டுச் சுவைக்கிறார், பேரம் பேசுகிறார், பணத்தைக் கொடுத்துப் பொட்டலத்துடன் புறப்படுகிறார். அந்த வணிகத்தில் விலை ஒன்றே ஒன்றுதான்.

அதே பருப்பைக் கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ இருந்துகொண்டு திறன்பேசி வழியாக வாங்குபவர் இரண்டு விலைகளைக் காண்கிறார். ஒன்று, பருப்பின் விலை. மற்றொன்று, அனுப்புகைக் கட்டணம், கையாளுகைக் கட்டணம், டெலிவரி சார்ஜ் எனப் பல பெயர்களில் வரும் தொகை. முதல் விலையை நான்கு கடைகளில் விசாரித்து ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். இரண்டாவது தொகை எப்படி வந்தது என்று கேட்பவரும் குறைவு. விடை சொல்பவர் அதனினும் குறைவு. இணையவழி விற்பவரின் நேர்மையை அளந்தறிய வேண்டுமானால் இந்த இரண்டாவது எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

பொதிகட்டுதலும் உழைப்பே

கூரியர் நிறுவனத்துக்குக் கொடுக்கும் கூலியை மட்டுமே வாங்குபவரிடம் பெற வேண்டும். அதற்குமேல் ஒரு ரூபாய் பெற்றாலும் அது கொள்ளை என்று சிலர் வாதிடுவதுண்டு. முந்திரியின் கதையை அறிந்தவர் அவ்வாறு சொல்லமாட்டார்.

முந்திரிப் பருப்பின் விலை அதன் முழுமையைப் பொறுத்தது. வணிகத்தில் 240 என்று குறிக்கப்படும் தரத்தில் ஒரு பவுண்டுக்கு, அதாவது ஏறத்தாழ 454 கிராமுக்கு, 220 முதல் 240 வரை முழுப்பருப்புகள் இருக்கும். 320 என்னும் தரத்தில் 300 முதல் 320 வரை இருக்கும். எண்ணிக்கை கூடக்கூடப் பருப்பு சிறியது, விலையும் குறைவு. முழுப்பருப்பு இரண்டாகப் பிளந்தால் விலை இறங்குகிறது. துண்டானால் மேலும் இறங்குகிறது. கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும் தன்மையது. அந்த எண்ணெயோடு போராடி, பருப்பு சிதையாமல் கொட்டையை உடைத்து, உலர்த்தி, தோலுரித்துத் தரம் பிரிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் காத்துக்கொடுத்த முழுமையைக் கூரியர் வண்டியின் குலுக்கலில் இழந்துவிடக் கூடாது. ஈரக்காற்றுப் பட்டாலோ பருப்பு நமத்துப்போகும். எனவே காற்றுப் புகாத உறை, அதைச் சுற்றிலும் மெத்தென்ற காப்பு, நசுங்காத அட்டைப்பெட்டி, ஒட்டுநாடா, முகவரித்தாள் ஆகியவையெல்லாம் தேவைப்படுகின்றன. இவற்றுக்குப் பணம் செலவாகிறது. பொதியைக் கட்டுபவரின் நேரமும் அதைக் கூரியர் அலுவலகத்தில் சேர்ப்பவரின் நடையும் செலவுக் கணக்கில் சேரவேண்டியவையே. வீட்டிலிருந்தபடியே விற்கும் பெண்கள் பலர் இந்த உழைப்பைக் கணக்கில் எழுதுவதே இல்லை. எழுதப்படாத உழைப்புக்கு ஊதியமும் இல்லை. கையாளுகைக் கட்டணம் என்பதை ஏமாற்று என ஒதுக்கிவிடுவது இவர்களுக்கு இழைக்கும் அநீதியாகும்.

ஆனால் அந்தத் தொகைக்கு ஓர் எல்லை உண்டு. செலுத்திய கூலி, பொதிகட்டும் பொருள்களின் விலை, கட்டுவோரின் ஊதியம் என்னும் இம்மூன்றின் கூட்டுத்தொகையே அந்த எல்லை. இலாபம் பருப்பின் விலையில் இருக்கட்டும். அங்கே அதை எல்லாரும் பார்க்கலாம், ஒப்பிடலாம், பேரம் பேசலாம். அனுப்பும் கூலிக்குள் புகுந்த இலாபம் முகமூடி அணிந்த இலாபம்.

பெட்டிக்குள் இருக்கும் காற்று

சரக்குக் கட்டணத்தைப் பற்றிப் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. பொதியின் எடைக்கு மட்டுமன்றி, அது வண்டியில் அடைத்துக்கொள்ளும் இடத்துக்கும் விலை உண்டு. பெட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் அளந்து, பெருக்கி, 5000ஆல் வகுத்து வரும் எண்ணைக் கிலோகிராமாகக் கொள்வது கூரியர் நிறுவனங்களின் பொது வழக்கம். உண்மையான எடை, இந்தப் பருமஎடை ஆகிய இரண்டில் எது மிகுதியோ அதற்கே கட்டணம்.

ஒரு கிலோ முந்திரியை 20, 15, 10 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டியில் அடக்கினால் பருமஎடை 0.6 கிலோ, கட்டணம் உண்மை எடைக்கே அமையும். அதே ஒரு கிலோவை, கையில் கிடைத்தது என்று 30, 25, 20 சென்டிமீட்டர் பெட்டியில் போட்டால் பருமஎடை 3 கிலோ ஆகிவிடும். வாங்குபவர் ஒரு கிலோ பருப்போடு இரண்டு கிலோ காற்றுக்கும் கூலி கொடுக்கிறார்! இதில் விற்பவர்க்கு இலாபம் ஏதுமில்லை. கூரியர் ரசீதும் உண்மையானதே. ஆயினும் இது நியாயமான கட்டணம் அன்று. தம் பணத்தில் அனுப்புவதானால் அவர் அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுத்திருப்பாரா? காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும் பட்டினப்பாலை, தம் பொருளையும் பிறர் பொருளையும் அவர்கள் ஒருநிகராய் எண்ணியதையே சிறப்பாகச் சொல்கிறது. அட்டைப்பெட்டியைத் தேர்ந்தெடுப்பதிலும் அந்த அளவுகோலுக்கு இடமுண்டு.

எடைப்படிகளிலும் இத்தகைய நுட்பம் உண்டு. ஒரு கிலோ பருப்பு, உறையும் பெட்டியும் சேர்ந்தவுடன் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். அடுத்த படிக்கான கூலி விழும். அந்தப் படியில் இன்னும் கால் கிலோ பருப்புக்குக் கூடுதல் கூலியின்றியே இடமிருக்கலாம். இதனை முன்கூட்டியே வாங்குபவரிடம் சொல்லும் விற்பனையாளர் தம் விற்பனையையும் பெருக்கிக்கொள்கிறார். இரண்டு பொருள்களை ஒரே பெட்டியில் அனுப்பிவிட்டு, இரண்டுக்கும் தனித்தனியே கூலி வாங்குவதை மட்டும் எந்தக் கணக்காலும் நியாயப்படுத்த இயலாது.

தபால் செலவு தனி

தொலைவிலிருப்பவர்க்குப் பொருள் அனுப்பி விற்பது இணையத்தோடு தோன்றிய வழக்கம் அன்று. 1854ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து இந்தியாவில் கடிதங்களுக்குத் தொலைவைப் பாராமல் எடையை மட்டுமே பார்த்துக் கட்டணம் வாங்கும் முறை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர்த் தொலைவுக்கேற்பக் கூலி மாறிற்று. 1877இல் வி.பி.பி. எனப்படும் முறை வந்தது. அஞ்சல்காரர் பொதியைக் கொடுத்துப் பணம் பெற்று, அதனை விற்றவர்க்குச் சேர்ப்பிக்கும் ஏற்பாடு அது. தமிழ்நாட்டுப் பதிப்பகங்களும் மருந்து விற்பனையாளர்களும் இந்த வழியில் ஊர் ஊராகப் பொருள் அனுப்பினர். பழைய விளம்பரங்களில் விலையை அடுத்து, ‘தபால் செலவு தனி’ என்னும் மூன்று சொற்கள் தவறாமல் இடம்பெற்றன.

அந்த மூன்று சொற்களை எவரும் ஐயுறவில்லை. காரணம் எளியது. அஞ்சல் கட்டணம் நாடறிந்த ஒன்று. ஊர் அஞ்சலகத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். பொதியின்மீது ஒட்டியிருக்கும் தலைகளைக் கூட்டிப் பார்த்தாலும் தெரிந்துவிடும். இன்றோ கூரியர் நிறுவனங்கள் மிகுதியாக அனுப்புவோர்க்கு ஒரு விலை, எப்போதேனும் அனுப்புவோர்க்கு மற்றொரு விலை என்று ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. விற்பவர் உண்மையில் கொடுத்தது எவ்வளவு என்பது பொதியின்மேல் எழுதப்படுவதில்லை. சரிபார்க்கும் வாய்ப்பை வாங்குபவர் இழந்துவிட்ட இடத்தில்தான் சொல்லவேண்டிய கடமை விற்பவர்மேல் விழுகிறது.

பைசா சுத்தமாகக் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது இதன் பொருளன்று. எடை ஒன்றானால் தமிழ்நாடு முழுமைக்கும் ஒரே கூலி என ஒருவர் வைத்தால், கடலூரில் வாங்குபவர் சற்றுக் கூடுதலாகவும் கன்னியாகுமரியில் வாங்குபவர் சற்றுக் குறைவாகவும் கொடுப்பர். 1854இன் அஞ்சல் முறையும் இத்தகையதே. சராசரி உண்மையானதாக இருந்தால் சமச்சீர்க் கூலியும் நேர்மையானதே.

பிரித்துக் காட்டும் தந்திரம்

விலையைப் பிரித்துக் காட்டுவதில் ஒரு கவர்ச்சியும் உண்டு. டான்ஜிம் ஹொசைன், ஜான் மார்கன் என்னும் பொருளியல் அறிஞர்கள் ஈபே இணைய ஏலத்தில் இசைத்தட்டுகளையும் விளையாட்டு மென்பொருள்களையும் விற்று ஆராய்ந்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டனர். தொடக்க விலையைக் குறைத்து, அனுப்பும் கூலியை உயர்த்தியபோது, மொத்தத் தொகை மாறாதிருந்தும், ஏலம் கேட்டவர் பலராயினர். கூலி மிகையாகாத வரையில் விற்பனைத் தொகையும் கூடியது. மனிதர் முதல் எண்ணை நினைவில் நிறுத்திக்கொண்டு இரண்டாவதை மறந்துவிடுகின்றனர். ஈபேயில் வேறொரு தந்திரமும் நடந்தது. தரகுத்தொகை பொருளின் விலைமீது மட்டுமே கணக்கிடப்பட்டதால், விலையைச் சிறிதாக்கிக் கூலியைப் பெரிதாக்கித் தரகைத் தவிர்த்தவர்கள் இருந்தனர். 2011இல் அமெரிக்காவில் அந்நிறுவனம் அனுப்பும் கூலியையும் சேர்த்தே தரகு வாங்கத் தொடங்கியது.

இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்னணு வணிகம்) விதிகள் இதற்கு வழிசெய்துள்ளன. மொத்த விலையை ஒரே எண்ணாகக் காட்ட வேண்டும்; அதனோடு சேர்ப்பிக்கும் கூலி, அஞ்சல் மற்றும் கையாளுகைக் கட்டணம், வரி ஆகியவற்றைப் பிரித்தும் காட்ட வேண்டும். 2023 நவம்பரில் வந்த வழிகாட்டு நெறிகள், விலையின் ஒரு பகுதியை மறைத்துவைத்துப் பணம் செலுத்தும் கட்டத்தில் வெளிப்படுத்துவதை முறையற்ற வணிக நடைமுறைகளுள் ஒன்றாகச் சேர்த்தன. இவை நல்ல விதிகள். ஆயினும் அவை சொல்லச் சொல்கின்றனவேயன்றி, சொல்லும் தொகை எவ்வளவாக இருக்கலாம் என்று வரையறுக்கவில்லை. நூறு ரூபாய்ச் செலவுக்கு முந்நூறு என்று முதல் பக்கத்திலேயே எழுதிவைப்பவர் விதிக்கு உட்பட்டவர்தான்!

இலவசம் யாருடைய செலவு?

பெருநிறுவனங்கள் ‘இலவச டெலிவரி’ என்று அறிவிக்கும்போது, காடாம்புலியூரின் சிறு விற்பனையாளரும் அவ்வாறே அறிவிக்க வேண்டிய நெருக்கடி ஏற்படுகிறது. ஆயிரக்கணக்கான பொதிகளை நாள்தோறும் அனுப்புபவர்க்குக் கிடைக்கும் கூலிச்சலுகை, நாளுக்குப் பத்துப் பொதி அனுப்புபவர்க்குக் கிடைப்பதில்லை. அவர் என்ன செய்வார்? கூலியைப் பருப்பின் விலையில் ஏற்றலாம். அப்போது ஐந்து கிலோ வாங்குபவர், ஒரே பெட்டிக்கான கூலியை ஐந்து முறை கொடுத்தவராகிறார். விலையை ஏற்ற இயலாதபோது, 240 தரத்தில் சிறிது 320 கலக்கலாம். முழுப்பருப்பில் பிளந்ததைச் சேர்க்கலாம். அதற்கும் மனம் ஒப்பாவிட்டால், மிஞ்சியிருப்பது உடைக்கும் பெண்களின் கூலி. 2011 டிசம்பர் 30இல் வீசிய தானே புயல் இவ்வட்டாரத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. புதுக்கன்றுகள் மரமாகிப் பலன் தரும்வரை காத்திருந்த ஊர்கள் இவை. இலவசம் என்னும் ஒரு சொல்லின் செலவை இவ்வூர்களின் தலையில் சுமத்துவது தகாது.

கூலியைத் தனியே காட்டிப் பெறுவதால் முதற்பார்வைக்கு வாங்குபவர் சிலர் விலகிப்போகலாம். அந்த இழப்பு உண்மையானதே. ஆனால் விலகாமல் நிற்பவர் தாம் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதை அறிந்து நிற்பவர். அடுத்த தீபாவளிக்கும் அவர் வருவார்.

வாங்குபவர் பக்கத்திலும் கடமை உண்டு. பொருள் வந்தபின் பணம் என்று சொல்லி வரவழைத்துவிட்டு, கதவைத் தட்டும்போது வேண்டா என்பவரால் விற்பவர்க்குப் போகும் கூலியும் நட்டம். திரும்பும் கூலியும் நட்டம். அந்த நட்டத்தை அவர் ஏனைய வாங்குபவரின் கணக்கில்தான் ஏற்றுவார். மனம் மாறித் திருப்புபவர் கூலியை ஏற்கலாம். பருப்பு நமத்திருந்தாலோ தரம் மாறியிருந்தாலோ இருவழிக் கூலியும் விற்பவரையே சேரும். இதனைப் பணம் பெறுவதற்கு முன்பே எழுதிவைப்பது இருவர்க்கும் நல்லது. அதன்பின்னும் வழக்கு எழுந்தால், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

விலைச்சீட்டில் மூன்று வரிகள் போதும்: பருப்பு இவ்வளவு, கூரியர் கூலி இவ்வளவு, பெட்டியும் கட்டுக்கூலியும் இவ்வளவு. அடியில் ஒரே கூட்டுத்தொகை. காடாம்புலியூர் வழியே ஊருக்குச் செல்பவர் அச்சீட்டைப் பார்த்து, பேருந்திலிருந்து இறங்கி நேரிலேயே வாங்கிக்கொள்வதாகச் சொன்னால், பின்னிரண்டு வரிகளையும் அடித்துவிட்டுப் பருப்பை மட்டும் நிறுத்துக் கொடுக்கலாம்.