ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள்

போன பொங்கல் விழாவன்று மண்டபத்து வாசலில் என் வண்டியைப் போலவே இன்னும் இரண்டு நின்றிருந்தன. அதே கம்பெனி, அதே மாடல், ஏழு பேர் தாராளமாக உட்காரக்கூடிய பெரிய டீசல் எஸ்.யூ.வி. ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. இரண்டுக்கும் சொந்தக்காரர்கள் நம் சங்க உறுப்பினர்கள்தான். "வண்டி எப்படி ஸார் இருக்கு?" என்று வெள்ளைக்காரர் (வண்டியின் நிறத்தைச் சொல்கிறேன்) கேட்டார். "ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றேன். "என்னுதும் அப்படித்தான்" என்றார். சர்க்கரைப் பொங்கல் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டோம்.

இருவர் சொன்னதும் பொய். என் வண்டி அதற்குள் மூன்று தடவை ஒர்க்‌ஷாப் பார்த்திருந்தது. அவருடையது நான்கு தடவை என்பது பின்னால் அதே ஒர்க்‌ஷாப் வரவேற்பறையில் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டபோது தெரிந்தது.

ஏன் மறைத்தோம்? 26 லட்சம் கொடுத்து வாங்கி, செட்டா நகர் முருகன் கோயிலில் பூஜை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, ஊரிலுள்ள மச்சினனுக்கெல்லாம் போட்டோ அனுப்பிய பிறகு, "அடிக்கடி மக்கர் பண்ணுகிறது" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? வெளியே தெரிந்தால் விற்கும்போது விலை போகாது என்ற பயம் வேறு.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். வாங்கி ஐந்தாம் மாதம் டாஷ்போர்டில் ஒரு ஆரஞ்சு விளக்கு எரிந்தது. புகைக்குழாய் வழியில் இருக்கும் கரி வடிகட்டி அடைத்துக்கொண்டது என்றார்கள். டி.பி.எஃப். என்பது சுருக்கப் பெயர். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு டீசல் கார்களில் இது இருக்கிறது. டீசல் எரியும்போது வரும் கரித்துகளை இது பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி நல்ல வேகத்தில் விடாமல் ஓடினால் அந்தச் சூட்டில் கரி எரிந்துபோகும். நல்ல ஏற்பாடுதான். காற்று சுத்தமாவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் செம்பூரிலிருந்து பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸுக்கு நத்தை மாதிரி போய் வரும் என் வண்டிக்கு அந்தச் சூடு எங்கிருந்து வரும்? எரிக்க ஆரம்பிக்கும், அதற்குள் ஆபீஸ் வந்துவிடும், நான் எஞ்சினை அணைத்துவிடுவேன். பாதியில் நிற்கும். கரியை எரிக்கக் கூடுதலாகத் தெளிக்கப்படும் டீசலில் கொஞ்சம் எஞ்சின் ஆயிலோடு கலந்து, ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறவும் செய்யும். ஆயில் ஏறுவதை என் ஐம்பத்தெட்டு வயதில் அப்போதுதான் பார்த்தேன்.

"ஹைவேயில் அரை மணி ஓட்டுங்க ஸார், சரியாயிடும்" என்றார் சர்வீஸ் அட்வைஸர். ஆகவே ஒரு மாதம் சனிக்கிழமை தோறும் இரவு பத்து மணிக்கு மேல் ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில் ஏறி, கோட்டை வரை போய், உடனே திரும்பி வந்தேன். முதல் நாள் என் மனைவி "எங்கே போறோம்?" என்று ஆசையாகக் கேட்டாள். "எங்கேயும் இல்லை, கரி எரிக்க" என்றேன். மறு வாரத்திலிருந்து அவள் வரவில்லை.

இதை வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன். ஏப்ரலில் நடந்ததற்குப் பிறகு முடியவில்லை. அம்மாவுக்கு 79 வயது. தங்கை வீட்டுக்குப் புனே அழைத்துப் போகும்போது, கண்டாலா ஏற்றத்தில் எஞ்சின் சக்தியைத் தானே குறைத்துக்கொண்டது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பதில் இல்லை. பின்னால் கண்டெய்னர் லாரி ஹார்ன் அடிக்கிறது. எப்படியோ ஓரம் கட்டினேன். இழுவை வண்டி வர இரண்டரை மணி நேரம். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. முந்தானையால் முகத்தை மூடி உட்கார்ந்திருந்தாள்.

ஒர்க்‌ஷாப்பில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "இதுக்கு முன்னாடி இந்தப் புகார் உங்க ரெக்கார்டில் இல்லையே!" பழைய ஜாப் கார்டுகளை வீட்டில் தேடி எடுத்துப் பார்த்தேன். மூன்றிலும் "ஜெனரல் செக்-அப்" என்று எழுதி, கீழே என் கையெழுத்து! கம்ப்யூட்டரை வைத்துக் கரியை எரித்ததோ, விளக்கை அணைத்ததோ ஒரு வரி இல்லை. அவசரத்தில் படிக்காமல் போட்ட கையெழுத்து. தவறு என்னுடையதும்தான்.

வாஷியில் ஒரு நண்பர் இதே வண்டியை வைத்திருக்கிறார். வாராவாரம் நாசிக் போய் வருபவர். 70,000 கிலோமீட்டர் ஓடியாகிவிட்டது, பேட்டரி மாற்றியதோடு சரி. அவர் சத்தியமாகத்தான் சொல்கிறார். ஆகவே "அந்த வண்டி நல்ல வண்டியா?" என்று கேட்பதே அரைகுறைக் கேள்வி என்பது என் கட்சி. ஷோரூமில் அந்தப் பையன் கூரை திறப்பதைக் காட்டினான், சீட்டுக்குள் காற்று வருவதைக் காட்டினான், நாலு பக்கக் காமிராவைக் காட்டினான். "தினம் எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?" என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பெட்ரோல் வண்டி எடுத்திருப்பேன். நகருக்குள் மட்டுமே ஓட்டுகிறவருக்கு டீசல் விற்கும்போது இந்த வடிகட்டி விஷயத்தை எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். விற்றபின் "சிட்டியில் ஓட்டுறீங்க, அதான்" என்று நம் தலையில் போடுவது எந்த ஊர் நியாயம்? சிட்டியில் ஓட்டத்தானே சிட்டியில் விற்றார்கள்?

சட்டம் நமக்கு விரோதமாக இல்லை. 50 லட்சம் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் இல்லாமலும் போடலாம். ஆனால் இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அங்கே போனால் முதலில் கேட்பது காகிதம். ஒரே கோளாறுக்கு எத்தனை தடவை போனீர்கள், என்ன எழுதியிருக்கிறது? இன்னொன்று பலருக்குத் தெரியாது. 2021 ஏப்ரல் முதல், ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளில் ஆபத்தான குறைபாடு பற்றி, விற்பனைக்கு ஏற்ப விதித்திருக்கும் எண்ணிக்கையில் புகார்கள் சேர்ந்தால், மத்திய அரசு அவற்றைத் திரும்பப் பெறும்படி கம்பெனிக்கு உத்தரவிடலாம். புகாரை உரிமையாளர்தான் பதிய வேண்டும். பொங்கல் விழாவில் சொன்ன "ஃபர்ஸ்ட் கிளாஸ்" எல்லாம் அந்தக் கணக்கில் சேராது.

ஆகவே அட்வைஸர் எழுதும்போது பக்கத்தில் நில்லுங்கள். நீங்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள்: எந்த விளக்கு, எத்தனை கிலோமீட்டரில், எந்த இடத்தில். வண்டியைத் திருப்பி எடுக்கும்போது என்ன செய்தார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். அந்தப் பையன்கள் முகம் சுளிப்பார்கள். பாவம், அவர்களுக்கு மேலிடத்து நெருக்கடி. ஆனாலும் விடாதீர்கள்.

போன மாதம் நாங்கள் மூன்று பேரும் என் வீட்டில் உட்கார்ந்து ஜாப் கார்டுகளை மேஜையில் பரப்பினோம். பதினொன்று இருந்தது. ஏழில் "ஜெனரல் செக்-அப்". கம்பெனிக்கு ஒரு கூட்டுக் கடிதம் தயார் செய்தோம். வெள்ளை வண்டிக்காரரும் நானும் கையெழுத்துப் போட்டுவிட்டோம், அரசாங்கத்துக்கும் தனித்தனியே புகார் பதிந்துவிட்டோம். கறுப்பு வண்டிக்காரர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போயிருக்கிறார். தீபாவளிக்குள் வண்டியை விற்றுவிட எண்ணமாம்.